ஃபைல் என்ற சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தம்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி எழுதப்போகிறேன், எனக்கு வெட்கமாக இருக்கிற விஷயமானாலும் சரி.

இங்கிலீஷ் மிஸ் ஆளுக்கொரு கருவியைக் கொடுத்து, அதன் ஆங்கிலப் பெயருக்கு உள்ள அர்த்தங்களையெல்லாம் திரட்டி வரச் சொன்னார். எனக்கு ஃபைல், அதாவது அரம். என்ன அதிர்ஷ்டம்! அப்பா பட்டறையில் ஃபிட்டர். நாள் முழுக்க இரும்பை அரத்தால் ராவுவதுதான் அவர் வேலை.

ஜூன் 5, புதன்

நகம் ராவுவதும் ஃபைல். ஒருவர் பின் ஒருவராகப் போவதும் ஃபைல். வழக்குப் போடுவதும் ஃபைல். காகிதம் வைக்கிற ஃபைல் வேறு சொல்லாம். அந்தக் காலத்தில் காகிதங்களை நூலில் கோத்து வைத்ததால் வந்ததாம். நாம் கோப்பு என்பதும் கோப்பதால்தானே! ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"சரிங்க புரொபசரம்மா, மொதல்ல தட்டைக் கழுவுங்க."

ஜூன் 7, வெள்ளி

அப்பா போன மாதம் இன்டர்வியூ போன பெரிய தொழிற்சாலையிலிருந்து கடிதம். ஆங்கிலம். வீட்டில் ஆங்கிலக் கடிதமென்றால் நான்தான். 'ஆன் ஃபைல்' என்று இருந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சொல்!

"உங்க விண்ணப்பத்தைப் பத்திரமா ஃபைல்ல வச்சிருக்காங்கப்பா. கூப்பிடுவாங்களாம்."

"அப்படின்னா எடுத்துக்கிட்டாங்களா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

ஆமாம் என்று கடிதத்தில் இல்லை. அதை நான்தான் சொன்னேன். அப்பா கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரிந்தவர் மாதிரி ஒருமுறை முழுக்கப் பார்த்தார்.

ஜூன் 8, சனி

மிஸ்ஸிடம் பெருமையாக அந்த வரியைக் காட்டினேன். "அது, வேலை இல்லைன்னு நாசூக்கா சொல்றதும்மா," என்றார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார். மாதக் கடைசியில் நின்றுகொள்கிறேன் என்று காலையிலேயே முதலாளியிடம் சொல்லிவிட்டாராம்.

மிஸ் சொன்னதைச் சொல்லாமல், பையோடு கொல்லைப்புறம் போய்விட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அழுதுகொண்டேதான்.

"பெரிய மேதாவி!" என்றாள் அக்கா. அம்மா, "சின்னப் பொண்ணுடி அவ," என்றாள். அப்பா கடிதத்தை எடுத்து அலமாரியில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. ஏன் திட்டவில்லை? சாப்பிடும்போதுகூட என் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 10, திங்கள்

வேலையிலேயே இருந்துகொள்கிறேன் என்று அப்பா முதலாளியிடம் போய்க் கேட்டிருக்கிறார். "என்னப்பா, பெரிய எடம் அதுக்குள்ள கசந்துடுச்சா?" என்று முதலாளி எல்லார் எதிரிலும் கேட்டாராம். வேலை போகவில்லை. ஆனால் அப்பாவின் ஜன்னலோர மேஜையை இன்னொரு ஃபிட்டருக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி உள்பக்கச் சுவர் ஓரம், பல்பு வெளிச்சத்தில்தான்.

"கடுதாசிய நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றுதான் முதலாளியிடம் சொன்னாராம். இதை அம்மாதான் எனக்குச் சொன்னாள்.

ஜூன் 13, வியாழன்

அப்பாவின் கண் சிவந்திருக்கிறது. கேட்டால் தூசி என்கிறார்.

ஜூன் 21, வெள்ளி

அப்பா விண்ணப்பம் போட்டிருந்த இன்னொரு தொழிற்சாலையிலிருந்து கடிதம். அப்பா அதை அக்காவிடம் கொடுப்பார் என்று நினைத்து, தலையைக் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் நோட்டின் மேல் வைத்தார்.

"என்ன போட்டிருக்கான், பாரு."

மூன்று தடவை படித்தேன். நல்ல சேதி போலத்தான் இருந்தது. ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை.

"முழுசாப் புரியலப்பா. நாளைக்கு லீவு. திங்கக்கிழமை மிஸ்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேட்டுட்டே சொல்லு. அதுவரைக்கும் நான் யார்கிட்டயும் மூச்சு விடல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்து. கடிதத்தை அவரே மடித்து என் பையில் வைத்தார்.

இன்னும் எழுத இருக்கிறது. அக்கா விளக்கை அணைத்துவிட்டாள்.