மாமனார் துப்பாக்கி மக்கர் பண்ணிய வாரம்

ஐப்பசி 18, செவ்வாய்

விட்டு விட்டு மழை. ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுகல். அதில் ஒன்று கணக்காக என் பாய்க்கு மேல். பெண்சாதி செங்கமலத்தின் பாய்க்கு மேல் ஒரு சொட்டு இல்லை. ஓடுகூட அவள் கட்சி.

இன்றைய வேலை: கோயில் மடைப்பள்ளிப் பூட்டு, துரு, எண்ணெய் போட்டாயிற்று. எதிர்வீட்டுச் சாயக்காரர் கடிகாரம், மூன்றாம் தடவை. கடிகாரத்தில் குற்றமே இல்லை, மனிதர் சாவி கொடுக்க மறக்கிறார். நான் சொல்லவில்லை. சொன்னால் நாலாம் தடவை வரமாட்டார்.

மதியம் மைத்துனன் கோதண்டம் (இனி கோ. நீளப் பெயர், மை வீண்) முசரவாக்கத்திலிருந்து நனைந்தபடி வந்தான். தோளில் சாக்கில் சுற்றிய நீளமான சாமான். பார்த்ததும் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். நேற்றைய மொச்சைக்கொட்டை வயிற்றுக்கு ஆகவில்லை என்று வீட்டில் சொல்லி வைத்தேன்.

மாமனார் துப்பாக்கி. குழல் வாய்வழியாக வெடிமருந்து போட்டு, ஈய ரவை போட்டு, கோலால் கெட்டிக்கிற பழைய சாதி. போன ஐப்பசியில் அவர் பன்றி வேட்டைக்குப் போய்ச் செத்தபோது பக்கத்தில் கிடந்தது. அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை.

"மாமா, அதே பன்னி திரும்பி வந்துக்கினு இருக்குது. எடது காது கிழிஞ்சது. கல்லக்கா கொல்லையில பாதிய உழுதுட்டுது."

"வேற பன்னியா இருக்கும்பா. பன்னிக்கு என்ன, நெத்தியில பேரா எழுதி வச்சிருக்குது?"

"அதேதான். அப்பாவக் குத்தினத நான் வுடமாட்டேன். இதே துப்பாக்கியாலதான்."

மூன்று சாயங்காலம் கடலைக் கொல்லைப் பரணில் உட்கார்ந்தானாம். மூன்று தடவையும் பொறி கக்குகிற கேப்பு மட்டும் 'டப்'. உள்ளே மருந்து பிடிக்கவில்லை. பன்றி ஓடினதா என்று கேட்டேன்.

"ஓடல மாமா. நின்னு பாத்துது. அப்புறம் மெதுவாத்தான் போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "இனிமே பரண் வேணாம், தரையிலேயே உக்காரப் போறேன். கிட்டக்க வந்தாத்தான் குறி தப்பாது" என்றான்.

சமையலறையிலிருந்து செங்கமலம்: "எனக்கு இருக்கறது ஒரே தம்பி. துப்பாக்கி வெடிக்கலன்னா நீங்க இந்த வூட்டுப் பக்கம் வராதீங்க."

வீடு என்னுடையது. ஞாபகப்படுத்தவில்லை.

ஐப்பசி 19, புதன்

தூறல். தறிக்கூடங்களில் பாவு நூல் ஈரம் குடித்து நெசவு நின்றிருக்கிறது. தெரு முழுக்க வேலையில்லாத வாய்கள். எனக்கு எதிரில் நாலு பேர் உட்கார்ந்து நான் துப்பாக்கி பிரிப்பதை வேடிக்கை பார்த்தார்கள்.

கோளாறு உடனே கிடைத்தது. கேப்பு மாட்டுகிற சின்னக் குழாய், அதை நான் மூக்கு என்பேன். அதன் துளை அடைத்துக் கல்லாக இருந்தது. ஊசியால் நோண்டினேன். சந்தனம்! கொஞ்சம் குங்குமமும். கோ.வின் பெண்சாதி ஆயுத பூஜையன்று எல்லா ஆயுதத்துக்கும் பொட்டு வைத்திருக்கிறாள். அரிவாளுக்கு ஒன்று, மண்வெட்டிக்கு ஒன்று, துப்பாக்கிக்கு வாயில் ஒன்று, மூக்கில் ஒன்று. பக்தி அதிகமாகி மூச்சடைப்பு. கேப்பின் நெருப்பு மருந்துக்குப் போக வழியே இல்லை.

வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பெருமாள் ஒரு தரம் எடுத்த உருவம்பா அது. துப்பாக்கிக்கே கை வரல. நீ சந்தனம்ங்கற."

"பெருமாள் எடுத்த உருவம் கல்லக்கா தின்னுமா தாத்தா?"

"ஏன், பூமியவே தூக்கினவரு. கல்லக்கா பெருசா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

துளை திறந்ததும் வழக்கமான சோதனை. குழல் வாயில் உதட்டை வைத்து ஊத வேண்டும், மூக்கில் விரலை வைத்தால் காற்று தெரிய வேண்டும். ஊதினேன். தெரிந்தது. சரி என்று வாயை எடுத்தேன்.

விரலில் காற்று நிற்கவில்லை.

மெல்லிசாக, வெதுவெதுப்பாக, தூங்குகிறவன் மூச்சு மாதிரி வந்துகொண்டே இருந்தது. ஐந்தாறு மூச்சு. அப்புறம் நின்றது. குனிந்து முகர்ந்தேன், ஏன் முகர்ந்தேனோ. எண்ணெய்க் கசட்டு நாற்றம் இருக்கலாம். இருந்தது கிராம்பும் புகையிலையும். மாமனார் கடைவாயில் அடக்குகிற சேர்மானம்.

எதிரில் இருந்த நாலு பேரும் ஒன்றும் கவனிக்கவில்லை. நூல் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றேன். மொச்சைக்கொட்டை மேல் பழி இரண்டாம் நாள்.

ஐப்பசி 20, வியாழன்

கொஞ்சம் வெயில். மருந்தைத் தாம்பாளத்தில் பரப்பி வெயிலில் வைத்தேன். உப்பு மாதிரிதான் அதுவும், மழைக்காலத்தில் தண்ணீர் குடிக்கும்.

வீட்டுப் பின்புறம் இலைச் சோதனை. துப்பாக்கியில் மருந்து போடாமல் கேப்பு மட்டும் மாட்டி, குழல் வாய்க்கு எதிரே ஒரு பூவரசிலை. கேப்பு வெடித்ததும் இலை அசைந்தது. இரண்டாம் கேப்புக்கும் அசைந்தது. வழி சுத்தம்.

கோ.வுக்குச் சொல்ல எழுதி வைத்தது:

பூஜையில் வாய்க்கும் மூக்குக்கும் பொட்டு கூடாது. கட்டையில் வை.
கெட்டிக்கும் முன் இரண்டு கேப்பு வெறுமனே வெடி. இலை அசைய வேண்டும்.
கெட்டித்ததை ராத்திரி முழுக்க வைக்காதே. அன்றன்றைக்கு.
ரவை மருந்தின் மேல் நன்றாக உட்கார வேண்டும். கோலில் கோடு போட்டிருக்கிறேன், பார்.
குழலுக்குள் எண்ணெய்

இங்கே எழுத்து நின்றுவிட்டது. அரை மணி நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதித்தான் தீர வேண்டும். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. செங்கமலத்துக்கு என் கையெழுத்து புரியாது, எனக்கே பாதி புரியாது.

போன வருஷம் மாமனார் சாவதற்கு மூன்று நாள் முன்னால் இந்தத் துப்பாக்கியைச் சுத்தம் செய்து கொடுத்தவன் நான். பூட்டுக்காரன் கை. எதைக் கண்டாலும் எண்ணெய் ஊற்றுகிற கை. குழலுக்குள் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டேன், துடைக்கவில்லை. எண்ணெய் அடியில் இறங்கி மருந்தை நனைக்கும். நனைந்த மருந்து வெடிக்காது. சில சமயம் உடனே வெடிக்காது. உள்ளே கனிந்துகொண்டே கிடந்து, நினைத்தபோது வெடிக்கும்.

அவர் சேற்றில் குப்புறக் கிடந்தார். சுற்றிலும் பன்றிக் குளம்பு. வயிற்றில் ஒரு கிழிசல். சுட்ட சத்தத்தை ஊரே கேட்டிருந்தது. சுட்டார், குறி தப்பிற்று, பன்றி குத்திற்று என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். ஊர் மணியக்காரர் அப்படியே எழுதினார். கொட்டுகிற மழை, பொழுதோடு எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம்.

வாய்க்கட்டு கட்டியவன் நான். தாடைக்கு அடியில் துணியைக் கொடுக்கும்போது விரல் உள்ளே போயிற்று. வட்டமான ஓட்டை. ஓரம் கருகல். பன்றிக் கொம்பு கருக்காது.

வெடிக்கவில்லையே என்று துப்பாக்கியை நிமிர்த்தி வைத்துக் குனிந்து பார்த்திருக்கிறார், அப்போது வெடித்திருக்கிறது. பன்றி குத்தியது கீழே விழுந்த பிறகு. வேறென்ன.

துணியை இறுக்கிக் கட்டினேன். அழகாகக் கட்டினாய் என்று ஒருத்தர் பாராட்டினார்.

ஐப்பசி 21, வெள்ளி

மறுபடி மழை. கோ. வந்தான். பட்டியலை வாசித்துக் காட்டினேன். தலையாட்டினான். கடைசியாக ஒன்று வாய்மொழியாகச் சொன்னேன்: கேப்பு வெடித்து மருந்து பிடிக்காவிட்டால் குழலை எதிரேயே பிடித்துக்கொண்டு முப்பது எண்ணு. திருப்பாதே, குனியாதே.

"பன்னி எதிர்ல நிக்கசொல்ல முப்பது எண்ணணுமா? நீ எண்ணுவியா மாமா?"

"நான் முப்பது அடி தூரத்துல ஓடிக்கினு இருப்பேன்."

"அப்பா அம்பது வருசம் சுட்டாரு. ஒரு நாள் எண்ணினது கெடயாது. யார் சொன்னது உனக்கு?"

இதுதான் சமயம். வாயைத் திறந்தேன். செங்கமலம் காபியோடு வந்தாள். "தம்பிக்குச் சக்கரை கூட போட்டிருக்கேன்" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

காரணம் சொல்லாமல் கோ. எதையும் கேட்கமாட்டான். அப்பன் மாதிரி. காரணம் சொன்னால் எனக்கு மாமனார் வீடும் இல்லை, என் வீடும் இல்லை. சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு வாய்க்கட்டு.

"நானும் வரேன்" என்றேன். கோ. பத்து நிமிஷம் சிரித்தான். செங்கமலம் சிரிக்கவில்லை.

ஐப்பசி 22, சனி

மழை இல்லை. காற்று இல்லை. நாலு மணிக்கு முசரவாக்கம். குழலை நானே துடைத்தேன், உலர்ந்த துணியால், துணியில் பசை வராத வரைக்கும். இரண்டு கேப்பு வெடித்தேன், இலை அசைந்தது. வெயிலில் காய்ந்த மருந்து. கோலின் கோடு வாய்க்கு நேராக வந்தது. ஒரு குறையும் இல்லை. சாமி படத்துக்கு முன்னால்கூடச் சொல்வேன்.

கொல்லை ஓரத்துப் பனையடியில் உட்கார்ந்தோம். கொசு. ஒரு கால் மரத்துப் போயிற்று, எது என்று ஞாபகம் இல்லை.

பொழுது சாய்கிற நேரம். தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. வரப்பில் அது நின்றுகொண்டிருந்தது. வந்ததை நாங்கள் பார்க்கவில்லை. காது கிழிசல் தெரிகிற தூரம். கடலைச் செடியை மோந்துகூடப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தது. பொய் எதற்கு, என்னைப் பார்த்தது.

கோ. துப்பாக்கியின் குதிரையைப் பின்னுக்கு இழுத்தான். விசை. 'டப்.'

ஒன்றும் இல்லை.

பன்றி அசையவில்லை. கிராம்பும் புகையிலையும் கலந்த வாசனை என் முகத்தருகில். கோ.வுக்குப் புகையிலைப் பழக்கம் கிடையாது.

"த்தூ, இன்னா மாமா இது" என்று கோ. துப்பாக்கியை இறக்கினான். கட்டை தரையில் ஊன்றியது. குழல் வாய்க்கு மேல் முகத்தைக் கொண்டுபோனான்.

நான் தைரியசாலி இல்லை. இந்த நோட்டின் பழைய பக்கங்களே சாட்சி. ஆனால் கை போயிற்று. குழலைப் பிடித்து வயல் பக்கம் தள்ளினேன், அவன் திமிறினான், "எண்ணுடா! எண்ணுடா!" என்று கத்தினேன். நானே எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று.

பதினான்கில் வெடித்தது.

ரவை வரப்பு மண்ணைக் கிளப்பிற்று. புகை விலகியபோது வரப்பில் ஒன்றும் இல்லை. கோ. போய்ப் பார்த்தான். ஈர மண்ணில் அவன் கால் தடம் மட்டும் இருந்தது. குளம்புத் தடம் ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்து என் எதிரில் குந்தினான். அப்புறம் தன் தாடைக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டான்.

"மாமா, அப்பாவுக்குக் கட்டு நீதான கட்டின?"

"ஆமாம்."

"பாத்தியா?"

"பார்த்தேன்." எண்ணெயையும் சொன்னேன். ஒரு கரண்டி என்பதையும் சொன்னேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

ஐப்பசி 23, ஞாயிறு

வெயில். பளீரென்று, வெட்கமில்லாத வெயில்.

காலையில் கோ. துப்பாக்கியோடு வந்தான். என்னைப் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போனான். சுவருக்கு அந்தப்புறம் அவன் குரல். "அக்கா, அப்பாவப் பன்னி கொல்லல." பிறகு தணிந்த குரலில் நீளமாக ஏதோ. பிறகு பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கிற்று.

கோ. வெளியே வந்து துப்பாக்கியை என் மடியில் வைத்தான்.

"சாயங்காலம் அதே எடம். அது உன்னத்தான் பாத்துது. நீயே தொடச்சி, நீயே கெட்டிச்சி, நீயே சுடு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"எனக்குச் சுடத் தெரியாதே கோதண்டம்."

"எண்ணத் தெரியுமே."

மருந்து தாம்பாளத்தில் காய்கிறது. மூக்கை மூன்று தடவை ஊசியால் பார்த்தாயிற்று. குழல் வாயில் உதடு வைத்து ஊத மட்டும் மனம் வரவில்லை.

மூன்று மணிக்குச் செங்கமலம் வந்து, சாயங்காலத்துக்குச் சோறு கட்டி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பேர் போகிறோம். பொட்டலம் ஒன்று.

யாருக்கு என்று கேட்கவில்லை. வாசலில் கோ. கூப்பிடுகிறான்.