மரத்தில் போட்ட எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் மெஸ்ஸுக்கு எதிரே உள்ள புங்கமரத்தில், வெட்டுவதற்காக நேற்று எண் போட்டுப் போனார்கள். ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம். நான் ஈரத்துணியால் அதைத் தேய்ப்பதைப் பார்த்து, மெஸ் நடத்தும் அனுசுயா அக்கா சிரித்துவிட்டார். "ஏண்டி, நம்பரை அழிச்சா மரத்தை விட்டுடுவாங்களா?"

அப்பா, நம் பச்சைமலையில் ரோட்டுக்காக எண் போட்ட மரங்களில் சாணியைப் பூசி மறைத்தது நான்தான். அப்போது ஐந்தாவது படித்தேன். வெட்ட வந்தவர்கள் திரும்பிப் போனதும் மரங்கள் பிழைத்தன என்று குதித்தேன். ரோடு வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை. எட்டாவதுக்கு மேல் கீழே போய்ப் படிக்க வழியில்லாமல் நின்றுவிட்டேன். என்னால்தான் ரோடு நின்றதா, தெரியவில்லை.

ரோட்டுக்கு மறுபடி அளக்க வருவதாகச் சொன்னீர்கள். தங்கச்சி வைஷ்ணவி இப்போது எட்டாவது. ஊர்க்கூட்டத்தில் ரோடு வேண்டுமென்றே சொல்லுங்கள். யாராவது சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் கொஞ்சம் சாமை கொடுத்தனுப்புங்கள். இங்கே தினமும் அரிசிச் சோறுதான்.

ஊற்றுப் பக்கத்துப் பலாமரத்தை மட்டும் விட்டு ரோட்டை வளைத்துப் போடக் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், வெட்டும் நாளை எனக்குச் சொல்லாதீர்கள்.

சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

உங்கள் மகள்,
பூங்கோதை