ஹாஜியார் உன்னைத்தான் கேட்கிறார்

என் பொன் மச்சாள் துஷிக்கு,

நீ போய் ஒரு கிழமைகூட ஆகவில்லை, உன் கதிரையில் என்னைக் கொண்டுபோய் இருத்தினார்கள். டெங்குக் காய்ச்சலோடு நீ எழும்பிப் போனபோது வைத்த தண்ணீர்ப் போத்தல் அப்படியே இருந்தது. மேலாளர் நல்ல மனுசிதான். ஆனால் வரி விவரத்திரட்டு அனுப்பும் காலத்தில் அழுவதற்கு யாருக்கு நேரம்? "துஷி பார்த்த வாடிக்கையாளர்களை நீங்களே பாருங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்தானே" என்றார்.

ஒரே ஊர் மட்டுமா? நாவற்குடாவில் ஒரே வளவு. ஒரே நாளில்தான் இந்தப் பெரிய நிறுவனத்தின் வரிப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தோம். சேர்ந்தே முடிப்போம் என்றாயே, இனி நான் யாரோடு முடிக்க?

உனக்குத் தெரியும், பயிலுநர்கள் தொலைபேசியில் பெயர் சொல்வதில்லை. "வரிப் பிரிவிலிருந்து கதைக்கிறன்" என்றுதான் நீ கணக்குப் பார்த்த வாழைச்சேனைப் படகுக்கார ஹாஜியாரிடமும் சொன்னேன்.

"துஷி மகளா! எங்க மனே போயிருந்த? உன்ட சத்தத்தையே காணல்ல."

அலுவலகத்தில் நம் மட்டக்களப்புப் பேச்சுப் பேசுகிறவர்கள் நாம் இருவர்தானே. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஓம் ஹாஜியார், சுகமில்லாமக் கிடந்தன்" என்றேன்.

திட்டாதே கா. வீட்டில் உன் படத்துக்கு மாலை போட்டாயிற்று. அலுவலகத்தில் உன் நுழைவு அட்டையை நிறுத்திவிட்டார்கள். அவர் ஒருவருக்குத்தான் நீ உயிரோடு இருந்தாய். பிறகு ஐஸுக்குப் பற்றுச்சீட்டு, எஞ்சினுக்குப் பற்றுச்சீட்டு வேணும் என்று சாட்டுத் தேடித் தேடி அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். நாம் சேர்ந்திருந்த வெள்ளவத்தை அறையில் உன் கட்டிலைப் பார்க்கவே பயப்படுகிறவள், அவரோடு கதைக்கும்போது மட்டும் சிரித்தேன்.

நேற்று மனுசன் கருவாட்டுப் பார்சலோடு நேரிலேயே வந்துவிட்டார். வரவேற்பில் உன் பெயரைக் கேட்க, என்னைக் கூப்பிட்டார்கள். உன்னை அவர் பார்த்ததே இல்லையே.

"நீதானா மனே துஷி? இம்புட்டுச் சின்னப் புள்ளயா! அம்மாட்டச் சொல்லு, மட்டக்களப்புக்கு வரக்குள்ள உங்கட வீட்ட வாறன் எண்டு."

உன்னைப் பெற்ற மாமியின் வாசலில் நின்று "துஷி மகள் எங்க?" என்று இவர் கேட்டால்? எல்லாவற்றையும் சொன்னேன்.

"யா அல்லாஹ்" என்று அப்படியே உட்கார்ந்தார். "அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரோட மனே கதைச்ச?"

கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அவட மச்சாளோட" என்று சொல்லிவிட்டு, காவலாளி பார்க்கப் பார்க்க அழுதேன்.

வேலை ஓய்ந்ததும் அவரை மாமியிடம் கூட்டிப்போகிறேன், சத்தியம். ஆனால் பயமாக இருக்கிறது. "என்ட புள்ள உங்களோட என்ன கதைச்சவ?" என்று மாமி கேட்பாளே. எது நீ சொன்னது, எது நான் சொன்னது என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? நான் பக்கத்தில் இருப்பேன். அவர் சொல்வதிலிருந்து என் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். மிச்சம் எவ்வளவு கொஞ்சமென்றாலும், மாமிக்கு உன்னுடையதை மட்டுமே கொடுப்பேன்.

உன் மாமன் மகள்,
கலா