சோனியா டீச்சரின் ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கச் சக்கரம்

6-7-2025, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கப் போகிறேன். இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது. நாற்பத்திரண்டு வருடம் வெல்டிங் ராடு பிடித்த கை. இரண்டு தகட்டை ஒரு அடி நீளத்துக்கு அசங்காமல் ஒட்டும். பேனாவைப் பிடித்தால் 'ழ' போடுவதற்குள் வேர்த்துவிடுகிறது.

என் பெயரை எழுத ஆசையாக இருக்கிறது. பாக்கியநாதன். வயது அறுபத்தாறு. இன்னொரு முறை. பாக்கியநாதன்.

ஊர் புதுவாயலுக்கு உள்ளே நான்கு கிலோமீட்டர். வீட்டுக்கு முன்னாலேயே பட்டறை. எட்டு மாதமாக எங்கள் சர்ச் கோயில் பக்கத்து அறையில் சாயங்காலம் எழுத்து படிக்கிறேன். சொல்லிக்கொடுப்பது சோனியா டீச்சர். இருபத்தேழு வயது. பிறவியிலேயே வலது காலில் பலம் இல்லை, ஊன்றுகோல் வைத்து நடக்கிறாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. 21ஆம் தேதி சேர வேண்டும். கம்பெனி பஸ் புதுவாயல் கூட்டுரோட்டோடு நின்றுவிடும், ஊருக்குள் வராது. போன வருடம் ஷேர் ஆட்டோவை நம்பி ஒரு வேலையில் சேர்ந்து, நாலு நாள் லேட் ஆனதில் அதுவும் போனது.

இன்று ஆராதனை முடிந்ததும் கோயில் பையன்கள் இரண்டு பேர் அவள் அண்ணனின் பழைய ஸ்கூட்டரைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அவளும் கூட வந்தாள்.

"பெரியப்பா, ரெண்டு பக்கமும் சக்கரம் வச்சிக் குடு. இருவத்தொண்ணுக்கு முன்னாடி ஓணும்."

"ஒரு வாரத்துல முடிச்சிடறேன் டீச்சர். கவலைய உடு."

9-7, புதன்

நேற்றும் இன்றும் ஜன்னல் கிரில் இரண்டு, ஒரு கோழிக்கூண்டு. நடுநடுவே ஸ்கூட்டர். நாற்பது எம்.எம். இரும்பு ஆங்கிளில் சட்டம் செய்து, அதில் இரண்டு பழைய ஸ்கூட்டர் சக்கரம் வைத்து, வண்டியோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டேன். யானை ஏறி நின்றாலும் அசையாது. சிமெண்டுத் தரையில் உருட்டிப் பார்த்தேன். பின்பக்கத்து மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றன. அரை நாள் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி எஸ்தர் சொல்கிறாள். அரை மணிதான் இருக்கும்.

10-7, வியாழன்

மானம் போனது.

சோனியா டீச்சர் ஏறி, கோயில் வரைக்கும் நன்றாகத்தான் போனாள். கால்வாய் மதகுப் பக்கம் ரோடு நடுவில் பள்ளம். பக்கச் சக்கரம் இரண்டும் மேட்டில் ஏறிக்கொண்டன. நடுச் சக்கரம், அதாவது வண்டியின் பின்சக்கரம், அந்தரத்தில் தொங்கியது. அவள் முறுக்குகிறாள், சக்கரம் சும்மா சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடிக்கிறது. நடு ரோட்டில் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவள் மாதிரி அங்கிருந்தே கத்தினாள்.

"பெரியப்பா! இன்னா ராட்டினம் செஞ்சி வச்சிக்கீற?"

தூக்கி இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. பட்டறைக்கு வந்ததும் சாக்பீஸ் எடுத்து என் வெல்டிங் மேல் பெரிதாக ஒரு தப்புக் குறி போட்டாள். என் நோட்டில் போடுகிற அதே குறி.

12-7, சனி

நடுச் சக்கரம் தூக்குகிறது என்றால் அதை அழுத்தி வைக்க வேண்டும். கனம் வேண்டும். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு தண்டவாளத் துண்டு வாங்கி சீட்டுக்கு அடியில் பற்றவைத்தேன். இருபது கிலோ வரும். மதகுப் பள்ளத்தில் விட்டேன், சக்கரம் தரையை விடவில்லை. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

13-7, ஞாயிறு

சட்டத்தில் ஒரு இடத்தில் விரிசல். கனம் தாங்கவில்லை. தகடு வைத்து அடைத்தேன். இன்னும் இரண்டு கிலோ.

14-7, திங்கள்

ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டி ஏறவே இல்லை. பாதியில் நின்று, பின்னால் உருண்டது. பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. கரையோரம் புதரில் சாய்ந்து அவளுக்கு முழங்கை எல்லாம் தோல் போய்விட்டது. நல்லவேளை, ஏரிப் பக்கம் சாயாமல் இந்தப் பக்கம் சாய்ந்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"நான் வேலைக்குப் போவணும் பெரியப்பா. இரும்புக் கடைக்கு இல்ல."

இன்னும் ஏழு நாள். நான் இன்னா செய்வேன்? எஸ்தர் சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை.

15-7, செவ்வாய்

கூட்டுரோட்டில் பைக் மெக்கானிக் ஸ்டீபன். ரோஷத்தை விட்டு அவனிடம் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். குனிந்து பார்த்தான். நிமிர்ந்து சிரித்தான்.

"நைனா, இது வண்டி இல்ல. இரும்பு கேட்டு. கேட்டுக்கு சக்கரம் வச்சிக்கீற."

"வாய மூடுறா."

"எங்க ஆடணுமோ அங்க எல்லாம் ஒட்டி வச்சிக்கினு, ஆடலன்னா எப்பிடி?"

எனக்கு வந்த கோபத்தில் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

16-7, புதன்

பட்டறை திறக்கவில்லை. வகுப்புக்கும் போகவில்லை.

17-7, வியாழன்

அவன் சொன்னது உண்மை. எழுதவே கஷ்டமாக இருக்கிறது. கதவு, கிரில், ஏணி, கட்டில். நான் செய்த எதுவும் அசையக் கூடாது. அசைந்தால் ஆட்கள் திட்டுவார்கள். எங்கே குறை வந்தாலும் அங்கே கொஞ்சம் இரும்பு சேர்த்துத்தான் எனக்குப் பழக்கம். எடுத்துப் பழக்கம் இல்லை.

காலையில் மறுபடி ஸ்டீபன் கடை. அங்கே தூக்கி வைத்திருந்த ஒரு ஷேர் ஆட்டோவுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கை, தனித்தனி ஸ்பிரிங். ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றது அதன் பாட்டுக்கு இருக்கும். ஸ்டீபன் பழைய சாமான் குவியலிலிருந்து ஒரு ஜோடி ஷாக் அப்சார்பர் எடுத்துத் தந்தான்.

"அழுத்திப் பாரு நைனா. எண்ணெய் ஒழுவல. நல்ல சாமான்."

மத்தியானத்திலிருந்து என் வேலையை நானே அறுக்கிறேன். கட்டிங் டிஸ்க் மூன்று தேய்ந்துவிட்டது. அவ்வளவு கெட்டியாக ஒட்டியிருக்கிறேன். பாராட்டுவதா, திட்டுவதா?

18-7, வெள்ளி

அறுத்து முடித்தேன். டீக்கடையில் பேப்பர் கிடந்தது. ஒரு சின்னக் கட்டத்தை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'மாதாந்திர' என்ற வார்த்தையில் மூன்று முறை நின்று நின்று போனேன். 'பராமரிப்பு' ஒரே மூச்சில் வந்தது. எங்கள் ஊர்ப் பெயர் அதில் இருந்தது! அச்சில் எங்கள் ஊரை நானே படித்தது இதுதான் முதல் தடவை. டீக்கடைக்காரரிடம் காட்டினேன். படித்த சந்தோஷம் அடங்கிய பிறகுதான் மண்டையில் ஏறியது. நாளைக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது.

19-7, சனி

கரண்ட் இல்லை. ஐந்துக்கு வரவில்லை, ஆறே முக்காலுக்கு வந்தது. வந்ததும் வோல்டேஜ் இல்லை. ராடு ஒட்டிக்கொள்கிறது, எரியவில்லை. கதவுக்குப் போடுகிற கீல் இரண்டை மட்டும் தேய்த்து, எண்ணெய் விட்டு வைத்தேன்.

டீச்சர் வந்து பார்த்தாள். வண்டி எலும்புக்கூடு மாதிரி கிடக்கிறது. அவள் முழங்கையில் இன்னும் கட்டு.

20-7, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. எஸ்தர் பைபிளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று கத்தினாள்.

"ஞாயித்துக்கெழம நெருப்பு புடிச்சிக்கினு உக்காந்துகீறியே, ஆண்டவர் இன்னா நெனப்பாரு?"

"அவரும் தச்சு வேல பாத்தவருதான். புரிஞ்சிப்பாரு, போ."

கீல் வைத்து இரண்டு கை. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஷாக் அப்சார்பர். தண்டவாளத்தை எடுத்து வீசியாயிற்று. மூன்று மணிக்கு மதகுப் பள்ளத்தில் நானே ஓட்டினேன். இடது சக்கரம் ஏறியது, வலது இறங்கியது, நடுச் சக்கரம் தரையை விடவில்லை. ஏரிக்கரை ஏறினேன். இறங்கும்போது பாதியில் பிரேக் பிடித்தேன். நின்றது.

பிறகு டீச்சர் ஓட்டினாள். நான்கு முறை போய் வந்தாள். இடது பக்கம் கொஞ்சம் இழுக்கிறது என்றாள். நட்டை அரைச் சுற்று திருப்பினேன். சாக்பீஸ் கேட்டாள். நான் தரவில்லை.

21-7, திங்கள்

காலை ஆறரைக்குப் போனாள். ஹாரன் அடித்தாள், நிற்கவில்லை. தூறல் வேறு. நாள் முழுக்க வேலையே ஓடவில்லை. எங்கேயாவது கழன்றிருந்தால்?

23-7, புதன்

டீச்சர் தினமும் போய் வருகிறாளாம். ஆனால் கோயில் அறை மூன்று நாளாகப் பூட்டிக் கிடக்கிறது.

27-7, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வருகையில் சோனியா டீச்சர் வண்டியோடு நின்றாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில். லீவு நாளிலும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வேலை முடிந்து வீடு சேர ராத்திரி ஏழாகிவிடுகிறதாம். இனிமேல் சாயங்கால வகுப்பு கிடையாது. ஞாயிறு மட்டும்தான்.

என்னோடு படிக்கிற கெங்கம்மாளுக்கு 'ஞ' வரைக்கும்தான் வந்திருக்கிறது. என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னாலதான்யா கிளாஸ் போச்சி. கொஞ்சம் மட்டமா செஞ்சிருக்கக் கூடாதா? நாலு நாள்ல புட்டுக்கினு இருக்கும்."

"ரெண்டு தடவ மட்டமாத்தான் செஞ்சேன். அப்பவும் திட்டுனாங்க."

"இப்ப நாங்க திட்டுறோம், வாங்கிக்க."

அவள் சிரிக்கவில்லை. நானும்தான். வாரத்தில் ஆறு நாள் எழுத்து இல்லாமல் எப்படி இருப்பது? ஆனால் டீச்சர் கிளம்பிப் போகையில் அந்த மதகைத் தாண்டும் வரை நின்று பார்த்தேன். குலுங்கக்கூட இல்லை.

வாரம் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறாள். இந்த வாரம் நெல் மூட்டை தள்ளும் வண்டி இரண்டு செய்ய வேண்டும், இரண்டும் அவசரமாம். முடித்துவிட்டு அடுத்த ஞாயிறு காலையிலேயே, எஸ்தர் எழுவதற்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு பக்கமாக எழுதிவிடுவேன்.