அக்கரைக்கு எண் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்று 412. அறையிலேயே நான்தான் முதல். பக்கத்து நாற்காலிக்காரர் 57!

தபால் துறை ஓர் ஊருக்கு ஓர் எண் வைத்திருக்கிறது. அதே ஊருக்குச் சுகாதாரத் துறையின் எண் வேறு. இரண்டையும் பொருத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஜோடியைக் கணினியே காட்டிவிடும். நாம் 'ஏற்க' என்று தட்டினால் போதும். இந்த மனிதரோ ஒவ்வொரு வரிக்கும் வரைபடத்தைத் திறந்து, திரையில் மூக்கு இடிக்க உட்கார்ந்திருக்கிறார். ஆமையார் என்று பெயர் வைத்தாகிவிட்டது. இவரால் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

மார்ச் 7, வெள்ளி

பொருந்தாதவை: பூஜ்யம். மேலாளர் கேக் வெட்டினார். திங்கள் முதல் எல்லாத் துறைக்கும் எங்கள் பட்டியல்தான்.

மார்ச் 18, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ்.

"ஒரு வாரமா மருந்துப் பெட்டி வரலடி. கேட்டா, உங்க நிலையமே லிஸ்ட்ல இல்லங்கறாங்க. அப்ப நான் எங்கடி உக்காந்திருக்கேன்?"

அங்கே ஒரு தச்சரின் மகளுக்கு எட்டு வயது. தினமும் இன்சுலின் போட வேண்டும். இருப்பது ஒன்பது நாளைக்கு. அவசரம் என்றால் படகேறி இக்கரை நிலையத்தில் கேட்டு வாங்கலாம். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. பாலம் வழியாகச் சுற்றினால் ஆறு மணி நேரம், பஸ்ஸும் கிடையாது. மருந்து வண்டி சுற்றித்தான் போகும், பட்டியலில் இருந்தால்!

மார்ச் 19, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். இரு கரைக்கும் ஒரே ஊர்ப்பெயர், ஒரே தபால் நிலையம். அதனால் தபால் எண் ஒன்று. சுகாதாரத் துறையில் கரைக்கு ஒன்றாக இரண்டு. இரண்டையும் அந்த ஒரே தபால் எண்ணோடு யாரோ சேர்த்திருக்கிறார்கள். இரண்டாவதை 'இரட்டைப் பதிவு' என்று கணினி நீக்கிவிட்டது. எந்தப் புண்ணியவான் செய்த வேலை இது? நடுவில் ஓர் ஆறு ஓடுகிறதே, கண் எங்கே போயிற்று? என் திரையில் வந்திருந்தால் விட்டிருப்பேனா?

மேலாளரிடம் போனேன். அசையவே இல்லை. "பூஜ்யம்னு மேல அனுப்பியாச்சும்மா. ஒண்ணு ரெண்டு முன்னபின்ன இருக்கத்தான் செய்யும். யார் செஞ்சதுன்னு ஆதாரத்தோட எழுதிக் குடு, பாக்கலாம்."

ஒண்ணு ரெண்டாம்! அந்தக் குழந்தையிடம் போய்ச் சொல்லட்டும்.

மார்ச் 20, வியாழன்

படகை நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 21, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

ஆமையார்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லோர் முன்னாலும் நின்று கேட்டேன்: "அவ்வளவு நேரம் வரைபடத்தைப் பாத்தும் ஒரு ஆறு தெரியலையா சார்?"

யார் எப்போது எதை ஏற்றார்கள் என்ற பதிவைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். மார்ச் 4, காலை 11.42. என் பணியாளர் எண். முந்தைய வரிக்கும் இதற்கும் இடையே இரண்டு விநாடி.

நானா? நானேவா? அக்கா ஊர்ப்பெயர் கண் முன்னால வந்திருக்கு, படிக்கக்கூட இல்ல, தட்டிட்டுப் போயிருக்கேன். 412ன்னு இங்கயே பெருமையா எழுதி வேற வெச்சிருக்கேன் — சீ!

"திட்டிக்கறத அப்புறம் வெச்சுக்கலாம்மா," என்றார் ஆமையார். "முதல்ல கடிதத்தை எழுதுங்க."

மார்ச் 24, திங்கள்

கொடுத்தேன். மேலாளர் இரண்டு முறை படித்தார்.

"உன் பேரையே எழுதியிருக்கியே, யோசிச்சியா?"

"யோசிக்காம செஞ்சதுதான் சார் அது."

கையெழுத்துப் போட்டார். அறிக்கையில் பூஜ்யம் ஒன்றாகிறதே என்றுதான் அவருக்கு இன்னமும் கவலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் பொருந்திவிட்டதாமா? பொருந்தாதவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, கேக் தின்றிருக்கிறோம். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

மார்ச் 26, புதன்

பெட்டி போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் மருந்துதான் மிச்சம் இருந்ததாம்.

"யாருடி அந்த மடையன்?" என்றாள் அக்கா. சொன்னேன். போனில் மழை மட்டும் கேட்டது. பிறகு, "சாப்பிட்டியா?" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2, புதன்

நான் ஏற்ற வரிகள் எல்லாவற்றையும் மறுபடி திறந்து, வரைபடத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். காணாமல் போன ஊர்கள் இதுவரை ஏழு. அந்த ஏழு ஊரிலிருந்தும் எங்களுக்கு ஒரு போன்கூட வரவில்லை. அங்கே யாருக்கும் இந்த அலுவலகத்தில் தங்கை இல்லை.

இன்று 38. ஆமையார் 41.