ஈடிக்கு ஒரே ஒரு சுக்கினி

மார்ச் 4, செவ்வாய்

சுரங்க முகாமில் இரண்டு வாரச் சமையல், பிறகு ஜெரால்டனில் ஒரு வாரம் வீடு. இன்று வீட்டு வாரம் ஆரம்பம். விமான நிலையத்தில் மனைவி கெரின் குழந்தையை என்னிடம் நீட்டினாள். ஈடி என் தாடியைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், வீறிட்டாள். யாரோ ஒருவன் தூக்குகிறான் என்று நினைத்திருப்பாள். ஏழு மாதப் பிள்ளைமேல் கோபப்பட முடியுமா? கோபம் வந்தது. அவள்மேல் இல்லை.

மார்ச் 5

"அவளுக்குக் கொஞ்சம் டைம் குடுடா" என்கிறாள் கெரின். ஒரு வாரத்தில் எவ்வளவு கொடுப்பது? நான் ஊட்டினால் துப்புகிறாள். அதே கிண்ணம், அதே ஸ்பூன் அம்மா கைக்குப் போனால் ஆவென்று வாயைத் திறக்கிறாள்.

மார்ச் 7

முடிவு செய்துவிட்டேன். என் கையால் சாப்பிடாவிட்டால் போகட்டும், நான் இல்லாத நாளெல்லாம் என் சமையலையாவது சாப்பிடட்டும். மஞ்சள் பூசணி, கேரட், சர்க்கரைவள்ளி. தோல் சீவி, ஆவியில் வேகவைத்து, மிக்ஸியில் மசித்து, ஐஸ் தட்டுகளில் ஊற்றி உறைய வைத்தேன். முந்நூறு பேருக்கு ஆக்கிப் பழகிய கை, குறைக்கத் தெரியவில்லை. தட்டு போதாமல் பக்கத்து வீட்டு நோலீனிடம் வாங்கி வந்தேன்.

ஃப்ரீசரைத் திறந்த கெரின், "இது ஒரு புள்ளைக்கா, பட்டாளத்துக்கா? என் ஐஸ்கிரீம் எங்கடா?" என்றாள். அதை நான்தான் தின்று தீர்த்தேன். இடம் வேண்டுமே.

மார்ச் 12

முகாம். கெரின் படம் அனுப்பியிருந்தாள். வாயைச் சுற்றிப் பூசணி, கிண்ணம் காலி. சமையலறையில் ஒருவர் விடாமல் காட்டினேன்.

மார்ச் 20

கெரின் போன். குரலே சரியில்லை. ஈடியோட மூக்கு மஞ்சளா இருக்காம். உள்ளங்கை, உள்ளங்காலும். காமாலையா? கல்லீரலா? நான் இங்க என்ன பண்ணிக்கிட்டிருக்கேன் – எவனுக்கோ முட்டை பொரிச்சுக்கிட்டு! நாளைக்குத்தான் கிளினிக். விமானம் செவ்வாய்தான்.

மார்ச் 21

நர்ஸ் ஹெதர் முதலில் கண்ணைப் பார்த்தாராம். வெள்ளை விழி வெள்ளையாகவே இருக்கிறது, காமாலை இல்லை. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டிருக்கிறார். கெரின் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம்.

"அந்தச் சமையல்காரர ஒரு தடவை கூட்டிட்டு வாம்மா, நான் பாக்கணும். காயோட மஞ்சள்தான் தோல்ல ஏறியிருக்கு. பூசணி, கேரட்டக் கொஞ்ச நாள் நிறுத்திட்டு பச்சைக் காயாக் குடுங்க. நிறம் தானாப் போயிரும்."

ஆசை ஆசையாகச் சமைத்து, பெற்ற பிள்ளைக்கே வண்ணம் பூசியிருக்கிறேன். சாமான் அறையில் போய் அழுதேன். நிம்மதியில்தான்.

மார்ச் 25

வீடு. மறுபடி அழுதாள். மூக்கு இன்னும் மஞ்சள்.

மார்ச் 27

வெள்ளரிக்காய் மாதிரி பச்சையாக, ஒரே ஒரு சுக்கினி வாங்கினேன். "அவ்வளவுதானா?" என்றாள் கடைப் பெண். மிக்ஸிக்கு அது காணாது, வேகவைத்து முள்கரண்டியால் மசித்தேன். நாற்காலியில் உட்கார வைத்தால் அழுவாள் என்று தரையிலேயே விட்டுவிட்டு, நானும் எதிரே உட்கார்ந்தேன். ஊட்டிப் பார்க்கவில்லை. பசி, நானே ஒரு வாய் தின்றேன். உப்பில்லாமல் சப்பென்று இருந்தது. முகத்தைச் சுளித்தேன்.

ஈடி சிரித்தாள்!

இன்னொரு வாய், இன்னொரு சுளிப்பு. தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். ஸ்பூனை நீட்டினேன். துப்பவில்லை.

மார்ச் 28

இன்று பட்டாணி. முதல் வாய் எனக்கு, மீதி அவளுக்கு.

ஏப்ரல் 3

முகாம். கெரின் போனில் பொரிந்து தள்ளினாள். "டேய் லாக்கி, என்னடா பண்ணி வச்சிருக்க என் புள்ளைய? நாற்காலில உக்கார மாட்டேங்குறா. ஸ்பூன நீட்டினா வாய மூடிக்கிட்டு வாசலையே பாக்குறா. நான் தரையில உக்காந்து, முதல்ல தின்னு, மூஞ்சியச் சுளிச்சாத்தான் திறக்குறா. அந்தச் சுக்கினிய நான் தெனமும் தின்னணுமா?"

பாவம்தான் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னேன்.

வாசலைப் பார்க்கிறாளாம்.

ஜெரால்டனில் எங்காவது சமையல் வேலை காலியாக இருக்கிறதா என்று நாளைக் காலை விசாரிக்க வேண்டும்.