மஞ்சள் பலகை வீடு

ஜனவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

நர்ஸ் பயிற்சிக்குப் போகும் ஆறு மாதமும் பாப்பாவை என்னிடம் விடுகிறாய் என்று படித்ததும் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன். கட்டில்கூட வாங்கியாகிவிட்டது. பிள்ளையில்லாத வீட்டில் சின்னச் செருப்பு கிடந்தால் எப்படியிருக்கும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு சேதி. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத் தெருக்காரர்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஜன்னலில் மஞ்சள் பலகை தொங்கும் வீட்டின் கதவை, பயந்துபோன எந்தப் பிள்ளையும் தட்டலாம். வீட்டைப் பூட்டினால் பலகையைக் கழற்றிவிட வேண்டும். இதுவரை ஒருநாளும் கழற்றாத வீடு உன் அக்காவுடையது. "உங்க வீட்டுக்குப் பூட்டே எதுக்கும்மா?" என்கிறார் எங்கள் தலைவர், ரிட்டையரான கண்டக்டர். பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்: "வேற எங்கயும் போகாதீங்க. பலகை வீட்டுக்கு வாங்க. திறக்கிற வரைக்கும் தட்டுங்க."

தற்பெருமை என்று சிரிக்காதே.

உன் அக்கா


பிப்ரவரி 2

தங்கச்சி,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பேக்கரிக்காரரின் மகள், இரண்டாம் வகுப்பு, போய்விட்டாள்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு ஒருவன் அவள் பின்னாலேயே வந்திருக்கிறான். திறந்திருந்த மருந்துக்கடையைத் தாண்டி நம் வீட்டுக்கு ஓடிவந்து தட்டியிருக்கிறாள். நான் நூல் வாங்கப் போயிருந்தேன். பலகையைக் கழற்ற மறந்துவிட்டேன். துணி கொடுக்க வந்தவர் யாரோ தட்டுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி இருந்துவிட்டாள். அவன் கேட்டுக்குள் கால் வைத்ததும் குழந்தை அவனைத் தாண்டி ரோட்டுக்கு ஓடியிருக்கிறது. வேன். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. போலீஸ் அவனை இன்னும் பிடிக்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 8

அன்பு அக்காவுக்கு,

படித்துவிட்டுச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கேள். மறதி யாருக்குத்தான் இல்லை? நான் ஒருநாள் பாப்பாவையே பள்ளியில் மறந்துவிட்டு வீடு வரை வந்தவள். பிடிக்க வேண்டியது அவனை, உன்னையல்ல. நீ சாப்பிடாமல் கிடந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து நாலு அறை விடுவேன்.

திட்டத்தில் மாற்றமில்லை. பாப்பா மாதக் கடைசியில் வருகிறாள். அவள் வந்தால் உனக்கும் ஆறுதல்.

உன் அருமைத் தங்கச்சி


பிப்ரவரி 15

தங்கச்சி,

உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு நாலு நாள் படுத்தேன். முடியவில்லை. உன்னிடமாவது சொல்ல வேண்டும்.

நான் மறக்கவில்லை. பலகையில் கை வைத்தேன். எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலருகே நின்றிருந்தார். தன் பலகையை மாதம் நாலு தடவை கழற்றுகிறவர் அவர். 'ஒருநாளும் கழற்றாத வீடு' என்ற பேர் அவர் கண்ணெதிரே போவது பிடிக்கவில்லை. பத்து நிமிஷம்தானே என்று விட்டுவிட்டுப் போனேன். அப்படிப் போனது அன்றைக்கு முதல் தடவையும் இல்லை.

தெருக்காரர்கள் கூட்டத்திலும் மறந்துவிட்டேன் என்றுதான் சொன்னேன். அந்தக் குழந்தையின் அம்மா என் கையைப் பிடித்து, "அழாதீங்கக்கா" என்றாள்.

பாப்பாவை அனுப்பு. வீட்டை விட்டு அசையமாட்டேன். சத்தியம்.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

பாப்பாவை மாமியாரிடம் விட்டிருக்கிறேன். அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்குத் தெரியும். இருந்தும் விட்டேன். மறந்துவிட்டாய் என்று நினைத்தபோது உனக்காக அழுதேன். இப்போது அந்தப் பேக்கரிக்காரம்மாவுக்காக அழுகிறேன். அவளிடம் நீயே போய்ச் சொல். அதுவரை எனக்கு எழுதாதே.

பெரியம்மா வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று பாப்பா கேட்டாள். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். உடனே பென்சிலை எடுத்துக்கொண்டு உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாள்.

அதை இதோடு வைக்கவில்லை.

தங்கை